கலிபோர்னியாவில் ஒரு மருத்துவர் சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டபோது

1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் ஆளுக்கு 65 டாலர் கட்டிப் புதிய பட்டம் வாங்கினார்கள். அதுவரை பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று போட்டவர்கள் அதற்குப் பிறகு எம்.டி. என்று போட்டுக்கொண்டார்கள். பெரும்பாலோர் பல ஆண்டுகளாகப் பிரசவம் பார்த்து, அறுவை சிகிச்சை செய்து, மருந்து எழுதி வந்தவர்கள்தான். இந்த மாற்றத்தை அவர்களுக்காகப் பேசி முடித்தது அவர்களுடைய சொந்த மாநிலச் சங்கம். முடித்த கையோடு அந்தச் சங்கம் தன் பெயரையும் தனி இருப்பையும் விட்டுக்கொடுத்தது.

ஒரு தொழில்முறைச் சங்கம் யாருக்காக இருக்கிறது என்று யோசிப்பவர்கள் இந்த நிகழ்வைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பது நல்லது. எல்லாமே பொதுப் பதிவில் உள்ளவைதான். தனிநபர்களின் பெயர்களை முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன். கவனிக்க வேண்டியது சங்கங்கள் எடுத்த முடிவுகளை.

பின்னணி

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் எம்.டி. என்பது நம்மூர் எம்.பி.பி.எஸ். போல அடிப்படை மருத்துவப் பட்டம். டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம், அதற்கு இணையான இன்னொரு பட்டம். இன்று அந்நாட்டில் டி.ஓ. படித்தவர் இதய மருத்துவராகலாம், அறுவை மருத்துவராகலாம், ராணுவ மருத்துவராகலாம். பிற நாடுகளில் ஆஸ்டியோபதி என்றால் பெரும்பாலும் கையால் தசையையும் மூட்டையும் சரிசெய்யும் சிகிச்சை மட்டும்தான். அமெரிக்க டி.ஓ. முழு மருத்துவர். இந்த வேறுபாடு தெரியாமல், அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளைக்கு டி.ஓ. கல்லூரியில் இடம் கிடைத்தால் 'அது நிஜ டாக்டர் படிப்புதானா' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1950-களில் கலிபோர்னிய டி.ஓ.க்களை நோயாளிகள் கேட்டதும் இதே கேள்விதான்.

இந்த மருத்துவ முறையைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1874-ல் தன் கருத்துகளை அறிவித்தார், 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரியைத் திறந்தார். உடலின் எலும்பு, தசை அமைப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பே அவர் பாடத்தின் மையம். அக்காலத்து மருந்துகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அன்று புழங்கிய பாதரச மருந்துகளையும் ரத்தம் வடிக்கும் பழக்கத்தையும் நினைத்தால் அந்த அவநம்பிக்கையில் தவறு சொல்ல முடியாது. அவருக்குப் பின் வந்த தலைமுறை மருந்தியலையும் அறுவை சிகிச்சையையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. கையால் செய்யும் சிகிச்சையும் தொடர்ந்தது.

சங்கம் உருவானது 1897-ல், அதே கர்க்ஸ்வில்லில், மாணவர்கள் முன்னின்று. 1901-ல் அதற்கு அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கம் என்று பெயர் வந்தது. பின்னாளில் சிகாகோ அதன் தலைமையிடம் ஆனது. மாநாடு நடத்துவதும் இதழ் வெளியிடுவதும் அதன் வேலைகளில் சிறிய பகுதி. எந்தக் கல்லூரி தரமானது என்று அங்கீகரிப்பது, எந்த மருத்துவமனையில் பயிற்சி எடுக்கலாம் என்று முடிவு செய்வது, சிறப்பு மருத்துவர் சான்றிதழ் தருவது, ஒவ்வொரு மாநிலத்திலும் உரிமச் சட்டத்துக்காகப் போராடுவது ஆகியவை பெரிய வேலைகள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு மாணவர் கல்லூரியில் சேர்வது முதல் கிளினிக் திறப்பது வரை கடக்க வேண்டிய எல்லா வாசல்களின் சாவியும் சங்கத்திடம் இருந்தது, ஒன்றைத் தவிர. உரிமம் தரும் அதிகாரம் மாநில அரசுகளிடம் இருந்தது. நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதிவிலக்கு முக்கியம்.

கலிபோர்னியாவில் இந்தத் தொழிலுக்கு ஆழமான வேர் இருந்தது. 1896-லேயே அனஹைம் ஊரில் ஒரு கல்லூரி தொடங்கியது. அது இன்னொரு கல்லூரியோடு சேர்ந்து 1914-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஆஸ்டியோபதி மருத்துவர், அறுவை மருத்துவர் கல்லூரி ஆனது. எம்.டி.க்கள் பெரும்பான்மையாக இருந்த தேர்வு வாரியத்தோடு இழுபறி முற்றியபோது, டி.ஓ.க்கள் நேரே மக்களிடம் போனார்கள். 1922-ல் பொது வாக்கெடுப்பின் மூலம் தங்களுக்கென்று தனி உரிம வாரியம் பெற்றார்கள். மக்கள் வாக்களித்து வந்த சட்டம் என்பதால் சட்டமன்றம் நினைத்தால் மாற்றிவிட முடியாது, மறுபடியும் மக்களிடம்தான் போக வேண்டும். இது பெரிய பாதுகாப்பு. 1928 முதல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில் டி.ஓ.க்கள் நடத்தும் தனிப் பிரிவும் இருந்தது. 1960 வாக்கில் நாட்டிலேயே அதிக டி.ஓ.க்கள் இருந்த மாநிலம் கலிபோர்னியாதான்.

மாநிலச் சங்கம் கண்ட நிலைமை

இவ்வளவு பலம் இருந்தும் மாநிலச் சங்கத்தின் தலைவர்கள் நிம்மதியாக இல்லை. அவர்கள் பார்வையில் இருந்து பார்த்தால் காரணங்கள் வலுவானவை.

அமெரிக்க மருத்துவச் சங்கம், அதாவது எம்.டி.க்களின் சங்கம், ஆஸ்டியோபதியை அறிவியலுக்குப் புறம்பான மூடப்பிரிவு என்று வகைப்படுத்தியிருந்தது. அதன் நெறிமுறை விதிப்படி ஓர் எம்.டி., டி.ஓ.வோடு தொழில்ரீதியாகக் கலந்து பேசுவதே குற்றம். ஒரே ஊரில், ஒரே தெருவில் இருந்தாலும் சிக்கலான நோயாளியைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள முடியாது. எம்.டி. மருத்துவமனைகளில் டி.ஓ.க்களுக்கு இடம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் டி.ஓ.க்களை ராணுவம் மருத்துவ அதிகாரிகளாக எடுத்துக்கொள்ளவில்லை. எம்.டி.க்கள் போருக்குப் போனதால் ஊரில் டி.ஓ.க்களிடம் நோயாளிகள் குவிந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் 'நீ நாட்டுக்குத் தேவையில்லை' என்று சொன்னது ஆறாத வடுவாக நின்றது.

இதற்கிடையில் நடைமுறையில் இரு தரப்புக்கும் வேறுபாடு குறைந்துகொண்டே வந்தது. கலிபோர்னிய டி.ஓ.க்களில் பலர் கையால் செய்யும் சிகிச்சையை அரிதாகவே பயன்படுத்தினார்கள். ஒரே புத்தகங்கள், ஒரே மருந்துகள், ஒரே அறுவை முறைகள். அப்படியிருக்க எழுத்து இரண்டு மட்டும் வேறாக இருந்து என்ன பயன் என்ற எண்ணம் பரவியது.

எம்.டி. தரப்பிலும் சிலர் மாற்றம் தேடினார்கள். 1950-களின் முதல் பாதியில் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர், அச்சங்கத்தின் முன்னாள் தலைவரும்கூட. ஆஸ்டியோபதிக் கல்லூரிகளை ஆராய்ந்த குழு, மூடப்பிரிவு என்ற முத்திரையை நீக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது. 1955-ல் பிரதிநிதிகள் அவை அதை ஏற்கவில்லை. தேசிய அளவில் கதவு மூடியதும் கலிபோர்னியாவின் இரு சங்கங்களும் மாநில அளவில் முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தன. 1940-களில் ஒருமுறை தொடங்கி நின்றுபோன பேச்சு மறுபடி தொடங்கியது.

தேசியச் சங்கம் கண்ட நிலைமை

சிகாகோவில் இருந்து பார்த்த அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கத்தினருக்கு இதே நிலைமை வேறு மாதிரி தெரிந்தது. நாட்டில் அப்போது இருந்தவை ஆறே ஆறு ஆஸ்டியோபதிக் கல்லூரிகள். அதில் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரி போனால் ஆறில் ஒன்று போய்விடும். கலிபோர்னியா விழுந்தால் அடுத்து இன்னொரு மாநிலம், அப்புறம் இன்னொன்று. எம்.டி. தரப்பில் சிலர் எதிர்பார்த்ததும் இதைத்தான்.

இதோடு கொள்கை சார்ந்த கவலையும் இருந்தது. ஒரு தொழிலுக்குத் தனிக் கல்லூரி, தனித் தேர்வு, தனி உரிமம் இருக்கும்வரைதான் அதன் தரத்தை அதுவே நிர்ணயிக்க முடியும். இணைந்த பிறகு பெரிய சங்கத்தின் உள்ளே சிறுபான்மையாக உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான்.

இந்தக் கவலைகள் சரியானவை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு தேசியச் சங்கம் என்ன செய்தது என்று பார்க்கும்போது எனக்கு ஒரு குறை தெரிகிறது. பேச்சை நிறுத்து என்று 1960-ல் பிரதிநிதிகள் அவை மூலம் சொன்னது. மருத்துவமனை அனுமதி, ராணுவ அங்கீகாரம், நோயாளிகளின் சந்தேகம் என்று கலிபோர்னியா அடுக்கிய குறைகளுக்கு இணைப்பைத் தவிர வேறு என்ன வழி என்று உருப்படியாக எதையும் முன்வைக்கவில்லை. கூடாது என்று சொல்லும் உரிமை அதற்கு இருந்தது. அதற்கு ஈடாகக் கொடுக்க அந்த நேரத்தில் கையில் ஒன்றும் இல்லை.

எடுத்த முடிவுகள்

மாநிலச் சங்கம் பேச்சை நிறுத்த மறுத்தது. தேசியச் சங்கம் 1960-லேயே அதன் கிளை அங்கீகாரத்தைப் பறித்தது. இணைப்பை எதிர்த்த சிறுபான்மை டி.ஓ.க்கள் கலிபோர்னிய ஆஸ்டியோபதி மருத்துவர், அறுவை மருத்துவர் சங்கம் என்று புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். தேசியச் சங்கம் அதைத் தன் அதிகாரபூர்வ மாநிலக் கிளையாக ஏற்றது.

அங்கீகாரப் பறிப்பு நோக்கத்துக்கு எதிராகவே வேலை செய்தது என்பது என் கருத்து. அதுவரை மாநிலச் சங்கத்துக்குள் இணைப்பை விரும்பாதவர்களுக்கு ஒரு குரல் இருந்தது. பறிப்புக்குப் பிறகு எதிர்ப்பாளர்கள் வெளியேறினார்கள், உள்ளே இருந்தவர்கள் ஏறக்குறைய ஒரே மனதானார்கள். ஒப்பந்த நிபந்தனைகளை உட்கார்ந்து துருவிக் கேட்கவேண்டிய ஆட்கள் அறையிலேயே இல்லை.

1961 மே மாதம் இரு மாநிலச் சங்கங்களின் அவைகளும் பெரும்பான்மையோடு இணைப்பை ஏற்றன. ஒப்பந்தத்தின் முக்கியக் கூறுகள் இவை. லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரி ஆஸ்டியோபதி கற்பிப்பதை நிறுத்தி எம்.டி. கல்லூரியாக மாறும். அந்தக் கல்லூரி, விரும்பும் டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டம் வழங்கும். பெற்றவர்கள் டி.ஓ. என்ற அடையாளத்தைப் பயன்படுத்த மாட்டார்கள். அவர்கள் முதலில் நாற்பத்தொன்றாவது மருத்துவச் சங்கம் என்ற தற்காலிக அமைப்பாக கலிபோர்னிய மருத்துவச் சங்கத்துக்குள் வருவார்கள், பின்னர் அந்தந்த மாவட்டச் சங்கங்களில் கரைவார்கள். கலிபோர்னியாவில் இனி புதிய டி.ஓ. உரிமம் வழங்கப்படாது. அதற்கான வாக்கெடுப்பை இரு தரப்பும் சேர்ந்து ஆதரிக்கும்.

கடைசிக் கூறைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முன்னவை எல்லாம் விருப்பப்பட்டவர்கள் தங்களுக்காக எடுத்த முடிவுகள். எம்.டி. ஆக வேண்டும் என்று நினைத்தவர் ஆகட்டும், அது அவருடைய உரிமை. கடைசி முடிவு மட்டும் அந்த அவையில் இல்லாதவர்களைப் பற்றியது. அப்போது மிசௌரியிலோ பென்சில்வேனியாவிலோ முதலாண்டு படித்துக்கொண்டிருந்த, படிப்பு முடிந்ததும் கலிபோர்னியாவுக்குத் திரும்ப நினைத்த மாணவரின் வாசலை அது மூடியது. அந்த மாணவர் மாநிலச் சங்கத்தின் உறுப்பினர் இல்லை. அவருக்கு வாக்கு இல்லை. ஆனால் அந்த வாசலை மூடும் பேரத்தைப் பேசியது அதே சங்கம்தான்.

எம்.டி. தரப்பு இந்தக் கூறில் ஏன் உறுதியாக இருந்தது என்பதும் புரியக்கூடியதே. ஒரு மாநிலத்தில் ஒரே உரிம முறை, ஒரே தரம் என்பது அவர்கள் வாதம். இருக்கிற டி.ஓ.க்களை ஏற்றுக்கொண்டு புதியவர்களையும் தொடர்ந்து வரவிட்டால் இருபது ஆண்டுகளில் அதே நிலை திரும்ப வரும். பேரம் என்ற வகையில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

1962: இணைப்பு நடந்த ஆண்டு

கல்லூரி, கலிபோர்னிய மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியது. எம்.டி. கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்பின் ஒப்புதலும் அதற்குக் கிடைத்தது. ஜூலையில் பட்டங்கள் வழங்கப்பட்டன. சில நூறு டி.ஓ.க்கள் மட்டும் வாங்க மறுத்தார்கள்.

நவம்பர் 6 அன்று முன்மொழிவு எண் 22 மக்கள் வாக்குக்கு வந்து நிறைவேறியது. 1922-ல் மக்கள் கொடுத்த வாரியத்தை 40 ஆண்டுகள் கழித்து மக்களே முடக்கினார்கள். வாரியம் உடனே கலைக்கப்படவில்லை. இருக்கும் டி.ஓ.க்களின் உரிமத்தைப் புதுப்பிக்க மட்டும் அது இயங்கும், அவர்களுடைய எண்ணிக்கை நாற்பதுக்கு இறங்கியதும் அதுவும் மூடப்படும் என்று ஏற்பாடு. மிச்சமிருப்பவர்கள் ஓய்வு பெற்று, இறந்து குறைவதற்காகக் காத்திருக்கும் சட்டம் அது. அதைப் படித்தபோது அந்தச் சில நூறு பேரின் மனநிலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களுடைய புதிய சங்கம் இணைப்பை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1964-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது.

தொடர்ந்து நடந்தவை

எம்.டி. ஆனவர்களின் அனுபவம் கலவையானது. நோயாளிகளிடம் விளக்கம் சொல்லும் தொல்லை போனது. மாவட்டச் சங்கங்களில் உறுப்பினர் ஆனார்கள். பலர் கடைசிவரை அந்த முடிவில் திருப்தியோடு இருந்தார்கள். ஆனால் அந்தப் பட்டம் கலிபோர்னியாவுக்கு வெளியே பெரும்பாலும் செல்லுபடி ஆகவில்லை. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர நினைத்தவர் டி.ஓ.வாகவும் இல்லாமல் முழு எம்.டி.யாகவும் இல்லாமல் நின்றார். சிறப்பு மருத்துவர்களுக்கு இன்னொரு சிக்கல். அவர்கள் வைத்திருந்த சான்றிதழ் ஆஸ்டியோபதி சங்கத்தின் வாரியங்கள் கொடுத்தது. எம்.டி. உலகின் வாரியங்களுக்கு அது கணக்கில் வரவில்லை.

கல்லூரியின் கதை தனி. 1965-ல் அது கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது, 1968-ல் இர்வைன் வளாகத்துக்குப் போனது. இன்று நல்ல பெயருள்ள மருத்துவக் கல்லூரி. தன் தோற்றத்தை 1896 அனஹைம் கல்லூரி வரை கொண்டுபோய்ச் சொல்கிறது. ஆஸ்டியோபதி மட்டும் அங்கே இல்லை.

தேசியச் சங்கம் அடைந்த அதிர்ச்சி அதை மாற்றியது. இந்தப் பகுதிதான் இந்த நிகழ்வில் நான் அதிகம் மதிப்பது. ஆறு கல்லூரி ஐந்தான நிலையில், பழையபடி 'நாங்கள் வேறு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்பதை அது உணர்ந்தது. கலிபோர்னியாவில் நடந்ததையே ஆதாரமாகத் திருப்பிப் பிடித்தது. நேற்றுவரை மூடப்பிரிவினர் என்று சொன்ன இரண்டாயிரம் பேரை ஒரு சான்றிதழ் கொடுத்து ஒரே நாளில் சமமானவர்களாக ஏற்றுக்கொண்டீர்கள். அப்படியானால் அவர்களுடைய படிப்பில் என்ன குறை இருந்தது? இந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் நேரான பதில் இல்லை.

1963-ல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசுப் பணி ஆணையம் இரு பட்டங்களும் சமம் என்று அறிவித்தது. முதியோருக்கான மெடிகேர் திட்டம் வந்தபோது, ஆஸ்டியோபதி மருத்துவமனைகளைத் தரம் பார்க்கும் சங்கத்தின் பணிக்கு அதில் அங்கீகாரம் கிடைத்தது. இது வெளியே அதிகம் பேசப்படாத வேலை, ஆனால் இது இல்லாமல் போயிருந்தால் பல சிறிய மருத்துவமனைகள் மூடியிருக்கும் என்று நினைக்கிறேன். 1966-ல் வியட்நாம் போர்க் காலத்தில் பாதுகாப்புச் செயலர் டி.ஓ.க்களை ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்க்க உத்தரவிட்டார். அமெரிக்க மருத்துவச் சங்கமும் 1960-களின் முடிவில் டி.ஓ.க்களை உறுப்பினராகச் சேர்க்க விதியை மாற்றியது. கலிபோர்னிய டி.ஓ.க்கள் தங்கள் அடையாளத்தைக் கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி, கொடுக்காமல் காத்திருந்த மற்ற மாநிலத்தவருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் கிடைத்துவிட்டது. அன்று இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மிச்சிகனில் நடந்ததை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த மாநிலத்தின் ஆஸ்டியோபதி சங்கம் தன் உறுப்பினர்களிடம் நிதி திரட்டிப் புதிய கல்லூரிக்கு அடித்தளம் போட்டது. 1969-ல் பான்டியாக்கில் அது திறந்தது. இரண்டே ஆண்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. அதே பல்கலைக்கழகத்தில் எம்.டி. கல்லூரியும் இருக்கிறது. இரு கல்லூரிகளும் ஒரே பல்கலைக்கழகத்தில் இன்றுவரை இயங்குகின்றன. 1970-ல் டெக்சஸின் போர்ட் வொர்த்தில் இன்னொரு ஆஸ்டியோபதிக் கல்லூரி வந்தது.

கலிபோர்னியாவில் முடிச்சு அவிழ்ந்தது நீதிமன்றத்தில். வெளி மாநிலங்களில் படித்த டி.ஓ.க்கள் சிலர் தங்களுக்கு உரிமம் மறுப்பது அரசமைப்புக்கு எதிரானது என்று வழக்குப் போட்டார்கள். 1974-ல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தகுதியான டி.ஓ.க்களை முற்றாக விலக்குவதற்கு நியாயமான அடிப்படை இல்லை, அது சமத்துவ உரிமையை மீறுகிறது என்றது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூட்டியிருந்த வாசல் திறந்தது. நாற்பதுக்கு இறங்கும்வரை காத்திருந்த வாரியம் மறுபடி புதிய உரிமங்கள் வழங்கத் தொடங்கியது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டும் சிறுபான்மைச் சங்கத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் பட்டம் வாங்க மறுத்த சில நூறு பேர்தான். புதிய ஆட்கள் வர வழியே இல்லாத ஒரு சங்கத்துக்கு வருடாவருடம் சந்தா கட்டி, கூட்டம் போட்டு, வழக்கில் தோற்று, மறுபடி கூடினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் தீர்ப்பு வந்த அன்று வரவேற்க ஓர் அமைப்பே இருந்திருக்காது. 1977-ல் போமோனாவில் புதிய ஆஸ்டியோபதிக் கல்லூரி தொடங்கியது. இன்று அது மேற்கத்திய சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. நாடு முழுவதும் இப்போது சுமார் நாற்பது ஆஸ்டியோபதிக் கல்லூரிகள். அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அவற்றில் படிக்கிறார்.

அதே கேள்வி மறுபடி வந்தபோது

2014 பிப்ரவரியில் தேசியச் சங்கம் தானே ஒரு பெரிய இணைப்புக்கு ஒப்புக்கொண்டது. பட்டம் முடித்தபின் வரும் மருத்துவமனைப் பயிற்சிக்கு அதுவரை எம்.டி., டி.ஓ. என்று இரண்டு அங்கீகார முறைகள் இருந்தன. அவற்றை ஒன்றாக்கி எம்.டி. தரப்பின் அமைப்பின் கீழ் கொண்டுவர ஒப்பந்தமானது. மாற்றம் 2015-ல் தொடங்கி 2020 ஜூன் 30-ல் முடிந்தது.

1961-ஐயும் 2014-ஐயும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சங்கம் கற்றுக்கொண்டது தெரிகிறது. இம்முறை பட்டம் கைமாறவில்லை, கல்லூரிகளின் அங்கீகாரம் கைமாறவில்லை, டி.ஓ. மாணவர்களின் தனி உரிமத் தேர்வும் அப்படியே இருந்தது. இணைந்த அமைப்பின் நிர்வாகக் குழுவில் ஆஸ்டியோபதி தரப்புக்கு இடம் கிடைத்தது. ஆஸ்டியோபதி முறையைக் கற்பிக்கும் பயிற்சிகளுக்குத் தனி அடையாளம் உண்டு, எம்.டி. படித்தவரும் அதில் சேரலாம். ஐந்தாண்டு அவகாசமும் இருந்தது. விலை இல்லாமல் இல்லை. புதிய தரநிலைகளை எட்ட முடியாத சில பயிற்சித் திட்டங்கள் மூடப்பட்டன. சிறிய ஊர் மருத்துவமனைகளுக்கு அது நிஜமான இழப்பு.

சங்கத்தின் இன்னொரு வாசலிலும் இதே காலத்தில் சிக்கல் வந்தது. சிறப்பு மருத்துவர் சான்றிதழ் நீடிக்க வேண்டுமானால் சங்கத்தின் உறுப்பினராகச் சந்தா கட்ட வேண்டும் என்ற விதியை எதிர்த்து 2016-ல் நியூ ஜெர்சியில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் டி.ஓ.க்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். அது சமரசத்தில் முடிந்தது. சான்றிதழையும் உறுப்பினர் தகுதியையும் சங்கம் பிரித்தது. தரம் பார்க்கும் வேலையையும் சந்தா வாங்கும் வேலையையும் ஒரே கை செய்யும்போது, முதலாவது இரண்டாவதற்காகவே நடக்கிறது என்ற சந்தேகம் வரும். அந்த விதி முதலிலேயே இருந்திருக்கக் கூடாது.

இப்போது செய்தால் எதை மாற்றலாம்

1961 மாநிலச் சங்கத்தைத் துரோகி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்றைய உறுப்பினர்கள் கேட்டதை அது பெற்றுத் தந்தது, வாக்கெடுப்பு வைத்தது, பெரும்பான்மை ஏற்றது. ஆனால் அதன் கையில் இருந்தவை உறுப்பினர்களின் நலன் மட்டும் அல்ல. உரிம வாரியமும் கல்லூரியும் அதற்கு முந்தைய தலைமுறை பெற்றுக்கொடுத்தவை, அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டியவை. இப்படிப்பட்ட சொத்துகளை விட்டுக்கொடுக்கும் தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. மாணவர்களின் பிரதிநிதிகளையும் வெளி மாநிலக் கல்லூரிகளையும் கேட்டிருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால் செய்யத் தவறிய எளிய வேலை ஒன்றும் இருக்கிறது. புதிய பட்டத்தை வேறு எந்த மாநிலம் ஏற்கும், எந்தச் சிறப்பு வாரியம் பழைய சான்றிதழை மதிக்கும் என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு, பதிலை உறுப்பினர்களுக்கு அனுப்பியிருக்கலாம். பதில் சாதகமாக இல்லாவிட்டால் பேரத்தில் அதைப் பேசியிருக்கலாம். 65 டாலர் கட்டியவர்களில் சிலராவது யோசித்திருப்பார்கள். மற்றவர்கள் தெரிந்தே கட்டியிருப்பார்கள்.

கல்லூரியைப் பொறுத்தவரை, முழுதாக மாற்றுவதற்குப் பதில் ஒரே நிறுவனத்தில் இரு பட்டங்கள் என்ற ஏற்பாட்டைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். எம்.டி. தரப்பு மறுத்திருக்கலாம். குறைந்தது கையால் செய்யும் சிகிச்சைக்கு ஒரு துறையையாவது ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டிருக்கலாம். அரை நூற்றாண்டுப் பாட அனுபவம் அந்தக் கட்டடத்தில் இருந்து ஒரே ஆண்டில் துடைத்தெடுக்கப்பட்டது.

தேசியச் சங்கம் செய்திருக்க வேண்டியதை முன்பே தொட்டேன். கிளையின் அங்கீகாரத்தைப் பறிப்பது கடைசி ஆயுதம். அதை எடுக்குமுன் ராணுவ அங்கீகாரத்துக்கும் மருத்துவமனை அனுமதிக்கும் தேசிய அளவில் என்ன செய்யப்போகிறோம், எந்த ஆண்டுக்குள் செய்யப்போகிறோம் என்று கலிபோர்னியாவுக்குச் சொல்லியிருக்கலாம். பின்னர் செய்து காட்டிய அதே வேலைகளை இரண்டு ஆண்டு முன்பே தொடங்கியிருந்தால் மே 1961 வாக்கு எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. பிளவு அவ்வளவு ஆழமாகப் போயிருக்காது என்று மட்டும் நம்புகிறேன்.

கடைசியாக ஒப்பந்தத்தின் வடிவம். முன்மொழிவு எண் 22 புதிய உரிமங்களை நிரந்தரமாக நிறுத்தியது, மறுஆய்வுக்கு ஒரு தேதிகூட வைக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சட்டமன்றம் இதைத் திரும்பப் பார்க்கும் என்று ஒரு வரி இருந்திருந்தால், 1966-ல் ராணுவம் டி.ஓ.க்களை ஏற்ற அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் பேச்சு எழுந்திருக்கும். 1974 வரை நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்திருக்காது.